எஞ்சினைக் கழற்றமுன் தண்ணீர் எங்கே போகிறது என்று பாருங்கள், ரீச்சர்

கேள்வி: நான் விசுவமடுவில் இருக்கும் ஆசிரியை. பாடசாலை புதுக்குடியிருப்புப் பக்கம், கடைசி நாலு கிலோமீற்றர் கிரவல் றோட்டு. எட்டு மாதத்துக்கு முன் 1997ஆம் ஆண்டு ரொயோட்டா கொரோலா 110 கார் ஒன்று வாங்கினேன், ஓட்டோ கியர். அம்மாவை மாதம் ஒருமுறை வவுனியாவுக்குக் கிளினிக் கூட்டிப்போகத்தான் முக்கியமாக வாங்கியது. வாங்கிய விலையில் நாலில் ஒரு பங்கு இதுவரை திருத்த வேலைக்கே போய்விட்டது. போன மாதம் வவுனியா வழியில் கனகராயன்குளத்தடியில் சூடு ஏறி நின்றுவிட்டது. றேடியேற்றரில் தண்ணீர் குறைகிறது, ஆனால் கீழே ஒழுகிக் காணவில்லை. காலையில் ஸ்ராட் பண்ணும்போது கொஞ்சம் நீலப் புகை. பார்க்கிங்கிலிருந்து டிறைவுக்கு மாற்றினால் 'டக்' என்று ஒரு அடி. எஞ்சின், கியர்பொக்ஸ் இரண்டையும் மாற்றவேண்டும் என்று ஒருவர் சொல்கிறார். விற்றுவிடவா? வைத்திருந்தால் வருடத்துக்கு எவ்வளவு ஒதுக்கவேண்டும்?

பதில்:

ரீச்சர், இப்போதைக்கு விற்கவும் வேண்டாம், எஞ்சின் மாற்றவும் வேண்டாம். நீங்கள் எழுதியிருப்பது மூன்று வேறு வேறு வருத்தங்கள். தண்ணீர் குறைவது ஒன்று, காலைப் புகை ஒன்று, கியர் அடி இன்னொன்று. மூன்றையும் சேர்த்து 'எஞ்சின் போய்விட்டது' என்று முடிவு கட்டுமளவுக்கு உங்கள் கடிதத்தில் இன்னும் ஆதாரம் இல்லை. எஞ்சின் போகவில்லை என்று நான் அடித்துச் சொல்லவும் மாட்டேன். பார்க்காமல் சொல்லக்கூடாது, அவ்வளவுதான்.

நான் இந்தத் தொழில் பழகியது தொண்ணூறுகளில், பொருளாதாரத் தடைக்காலத்தில். வன்னிக்குள் பெற்றோல் வராது, சாமான் வராது. மொறிஸ் மைனர், ஒஸ்ரின் ஏ நாற்பது போன்ற பழைய கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. சின்னப் போத்தலில் கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்ராட் எடுத்து, எஞ்சின் சூடான பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவோம். ஒரு காஸ்கற் கிழிந்தால் இன்னொன்று கிடைக்க மாதக்கணக்கு ஆகும். அதனால் எங்கள் முதலாளி காரணம் தெரியாமல் ஒரு நட்டைக்கூடக் கழற்ற விடமாட்டார். இன்றைக்குக் கிளிநொச்சியிலேயே சாமான் கிடைக்கிறது, இல்லாததைக் கொழும்பு பஞ்சிகாவத்தைக் கடைகளிலிருந்து அடுத்த நாள் பஸ்ஸில் போட்டுவிடுகிறார்கள். அதனால் கழற்றி மாற்றிப் பார்ப்பதே பரிசோதனை என்று ஆகிவிட்டது. எட்டு மாதத்தில் உங்கள் காசில் பெரிய பங்கு அப்படித்தான் போயிருக்கும் என்று நினைக்கிறேன். பழைய பில்களை எடுத்துப் பாருங்கள். எந்தச் சாமான் மாற்றிய பிறகு எந்தக் குறை நின்றது என்று ஒவ்வொன்றுக்கும் எழுத முடிகிறதா?

சரி, தண்ணீருக்கு வருவோம். இதுதான் அவசரமானது.

முதலில் ஒன்று கேட்கிறேன். றேடியேற்றருக்கு என்ன தண்ணீர் விடுகிறீர்கள்? கிணற்றுத் தண்ணீர் என்றால் உங்கள் வீட்டுக் கேத்திலின் அடியைப் பாருங்கள். அங்கே பிடித்திருக்கும் வெள்ளைப் பொருக்குத்தான் றேடியேற்றரின் மெல்லிய குழாய்களுக்குள்ளும் பிடிக்கிறது. எங்கள் பக்கத்துக் கிணறுகள் பலவற்றில் கல்சியம் கூடுதல். ஒவ்வொரு முறை குறையக் குறைய நீங்கள் தண்ணீர் ஊற்றும்போது புதுச் சுண்ணாம்பையும் சேர்த்துத்தான் ஊற்றுகிறீர்கள். உங்களுக்கு முதல் வைத்திருந்தவர்களும் வருடக்கணக்கில் இதையே செய்திருப்பார்கள். குழாய்களில் கால்வாசி அடைத்தால் ஊருக்குள் ஓடும்போது ஒன்றும் தெரியாது. ஏ ஒன்பது றோட்டில் ஏ.சி.யும் போட்டு எண்பது வேகத்தில் அரை மணித்தியாலம் பிடித்தால்தான் சூடு காட்டும் முள் ஏறும். கனகராயன்குளத்தில் நின்றது எனக்கு இந்தச் சந்தேகத்தைத்தான் தருகிறது.

பொதுவாக ஒரு கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். நின்றுகொண்டு இருக்கும்போது சூடு ஏறி, ஓடத் தொடங்கியதும் இறங்கினால் மின்விசிறியையோ அதன் சுவிச்சையோ பார்க்கவேண்டும். ஓடும்போது ஏறினால் றேடியேற்றர் அடைப்பு, தண்ணீர்க் குறைவு, பெல்ற் தளர்வு. எந்த வேகம் என்றில்லாமல் ஏறி, தண்ணீரும் காணாமல் போனால் ஹெட் காஸ்கற், அதாவது எஞ்சினின் மேல் ஹெட்டுக்கும் அடி பிளொக்குக்கும் நடுவில் இருக்கும் அடைப்புத் தகடு, வரைக்கும் யோசிக்கவேண்டும்.

'ஒழுகவில்லை' என்கிறீர்கள். இரவில் காருக்குக் கீழே ஒரு பெரிய கார்ட்போட் மட்டையை விரித்துவிட்டுக் காலையில் பாருங்கள். வோட்டர் பம்ப் கசிந்தால் ஓடும்போது சொட்டுவது சூட்டில் காய்ந்துவிடும், நிறுத்திய பிறகு மட்டும் இரண்டு சொட்டு விழும். கிரவல் முற்றத்தில் அது கண்ணுக்கே தெரியாது. பம்ப் ஓரத்தில் வெள்ளையாகவோ துருநிறமாகவோ கோடு இருக்கிறதா என்றும் பார்க்கலாம். முன் சீற்றில் இருப்பவர் கால் வைக்கிற இடத்தில் கார்ப்பற் ஈரமா என்று கையை வைத்துப் பாருங்கள். ஹீற்றருக்குப் போகும் தண்ணீர் காருக்குள்ளேயே கசிவதுண்டு, எங்கள் வெயிலில் ஹீற்றர் போடாததால் அப்படி ஒன்று இருப்பதே பலருக்கு நினைவில்லை. றேடியேற்றரின் மேல் தொட்டி பிளாஸ்ரிக், இருபத்தைந்து வருடத்தில் அது பழுப்பாகி மெல்லிய வெடிப்பு விடும். சூட்டில் விரியும்போது மட்டும் கசியும்.

அடுத்தது றேடியேற்றர் மூடி. இது சின்னச் சாமான் என்று யாரும் கணக்கெடுப்பதில்லை. அந்த மூடி தண்ணீரை அழுத்தத்தில் பிடித்து வைத்திருப்பதால்தான் 100 பாகையில் கொதிக்கவேண்டிய தண்ணீர் 115 பாகை தாண்டியும் கொதிக்காமல் நிற்கிறது. மூடியின் ஸ்பிறிங்கும் றப்பரும் களைத்துவிட்டால் தண்ணீர் முன்னமே கொதித்து, பக்கப் போத்தலுக்குள் தள்ளி, ஆவியாகிப் போகும். 'ஒழுகாமல் குறைகிறது' என்பதற்கு இதுவே காரணமாக இருக்கிற கார்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். புதிய மூடி ஒன்றை முதலில் மாற்றுங்கள். இந்த ஒரு சாமானை மட்டும் பரிசோதிக்காமலே மாற்றலாம், அவ்வளவு மலிவு.

தெர்மோஸ்ராற், அதாவது சூட்டைப் பார்த்துத் தண்ணீரின் வழியைத் திறக்கிற சின்ன வால்வ், இருக்கிறதா என்றும் கேளுங்கள். 'இந்த வெயிலுக்கு அது தேவையில்லை' என்று கழற்றி எறிகிற பழக்கம் இங்கே பலமாக இருக்கிறது. உங்கள் எஞ்சினில் அது 82 பாகையளவில் திறக்கவேண்டியது. இல்லாவிட்டால் எஞ்சின் சரியான சூட்டுக்கு வராது. எஞ்சினின் கம்பியூட்டர் இன்னும் குளிர் என்று நினைத்துப் பெற்றோலைக் கூடுதலாக விடும், ஒயில் கெதியாகக் கெடும். ஏறுகிற சூட்டை அது தீர்க்கவும் போவதில்லை, அடைத்த றேடியேற்றர் அடைத்தபடியே இருக்கும்.

இனி ஹெட் காஸ்கற். காலையில் எஞ்சின் முழுக்கக் குளிர்ந்திருக்கும்போது மூடியைக் கழற்றி, தண்ணீரை நிரப்பி, ஸ்ராட் பண்ணச் சொல்லுங்கள். தண்ணீருக்குள்ளிருந்து நிற்காமல் குமிழி வருகிறதா? ஸ்ராட் பண்ணி ஒரு நிமிடத்துக்குள் மேல் ஹோஸ் கல்லுப்போல் இறுகுகிறதா? ஒயில் மூடியின் உள்பக்கம் பாற்கோப்பி நிறத்தில் களிபோல் இருக்கிறதா? ஆம் என்றால் காஸ்கற் சந்தேகம் பலம். பிறகு கொம்பிறெஷன், அதாவது ஒவ்வொரு சிலிண்டரும் பிடிக்கிற அழுத்தம், பார்க்கச் சொல்லுங்கள். நாலு சிலிண்டரின் எண்களையும் ஒரு தாளில் எழுதித் தரச் சொல்லி வாங்குங்கள். ஒன்றுக்கொன்று 15 பி.எஸ்.ஐ.க்கு (அழுத்த அளவு) மேல் வித்தியாசம் இருந்தால், குறைந்த சிலிண்டருக்குள் ஒரு கரண்டி ஒயில் விட்டுத் திரும்ப அளக்கவேண்டும். எண் ஏறினால் பிஸ்ரன் றிங்ஸ் தேய்ந்திருக்கிறது, ஏறாவிட்டால் வால்வ் அல்லது காஸ்கற். அரை மணித்தியால வேலை. இந்த நாலு எண்ணும் கையில் இல்லாமல் எஞ்சின் மாற்றச் சொல்கிற யாருக்கும் சம்மதம் சொல்லாதீர்கள்.

காஸ்கற்தான் என்று உறுதியானால், மாற்றும்போது ஹெட்டை லேத்துக்குக் கொடுத்து மட்டம் பார்க்கவேண்டும். உங்கள் எஞ்சினில் அடி பிளொக் இரும்பு, மேல் ஹெட் அலுமினியம். சூடேறினால் அலுமினியம்தான் முதலில் வளையும். மில்லிமீற்றரில் இருபதில் ஒரு பங்கு வளைந்தாலே காஸ்கற் பிடிக்காது. நான் தனியாகக் கராஜ் தொடங்கிய முதல் வருடம், அவசரம் என்று கேட்டவருக்காக மட்டம் பார்க்காமல் ஒரு வானுக்குப் புதுக் காஸ்கற் போட்டுக் கொடுத்தேன். பதினைந்தாம் நாள் அது ஓமந்தையில் நின்றது, உள்ளே மூன்று சின்னப் பிள்ளைகள். அதற்குப் பிறகு ஒரு ஹெட்டையும் நான் அப்படி மூடியதில்லை.

மற்றது, தண்ணீர் முழுக்கப் போய்விட்டால் முள் கீழே விழும். சென்சரைத் தொடத் தண்ணீர் இல்லாததால்தான் அப்படி. 'சூடு இறங்கிவிட்டது' என்று நினைத்து ஓட்டி எஞ்சினை இறுக்கியவர்கள் பலர். முள் நடுவைத் தாண்டினால் ஏ.சி.யை நிறுத்தி, ஓரங்கட்டி, எஞ்சினை நிறுத்துங்கள். முக்கால் மணித்தியாலம் மூடியைத் தொடவேண்டாம், முகம் வெந்துபோகும். சூடான எஞ்சினுக்குப் பச்சைத் தண்ணீர் ஊற்றவும் வேண்டாம், ஹெட் வெடிக்கும்.

றேடியேற்றரைக் கழுவியோ புதிதாகப் போட்டோ முடிந்த பிறகு கூலன்ற் விடுங்கள். அதில் கலக்கிறதற்குக் காய்ச்சி வடித்த தண்ணீரோ ஆர்.ஓ. தண்ணீரோ பாவியுங்கள். இப்போது பல கிராமங்களில் ஆர்.ஓ. தண்ணீர் குடிக்கக் கிடைக்கிறதே, அதுவே போதும். மொத்தமாக ஐந்து ஆறு லீற்றர் காரியம்.

நீலப் புகைக்கு நான் பெரிதாகப் பயப்படவில்லை. காலையில் மட்டும் ஒரு பாட்டம் வந்து நின்றால் அது சிலிண்டருக்குள் ஒயில் இறங்காமல் தடுக்கிற வால்வ் சீல் காய்ந்தது, இந்த வயதுக்கு வழமை. ஹெட்டைக் கழற்றாமலே மாற்றலாம். காஸ்கற் வேலை வந்தால் அதோடு சேர்த்து முடித்துவிடுங்கள், கூலி மிச்சம். ஓடும்போதும் ஆக்சிலேற்றர் மிதிக்க மிதிக்கப் புகை தள்ளினால்தான் றிங்ஸ். 500 கிலோமீற்றருக்கு ஒருமுறை ஒயில் கம்பியைப் பார்த்து எழுதி வையுங்கள். ஆயிரம் கிலோமீற்றருக்கு அரை லீற்றர் குடித்தால் அப்படியே ஓடலாம். ஒரு லீற்றரைத் தொட்டால் வேலை செய்யவேண்டிய காலம்.

கியர் அடிக்கு முதலில் பார்க்கவேண்டியது எஞ்சினைத் தாங்கிப் பிடிக்கிற மவுண்டிங். நாலு றப்பரில் ஒன்று கிழிந்தாலே அந்த 'டக்' வரும். பொனற்றைத் திறந்து, பிறேக்கை நன்றாக மிதித்துப் பிடித்தபடி ஒருவர் கியரை மாற்ற, இன்னொருவர் பக்கத்தில் நின்று எஞ்சின் துள்ளுகிறதா என்று பார்க்கட்டும். காருக்கு முன்னால் மட்டும் நிற்க விடாதீர்கள். கார் நிற்கும்போது எஞ்சின் சுற்றுகிற வேகம் (ஐட்லிங்) கூடியிருந்தாலும் இடிக்கும். கியர் ஒயிலை ஒரு வெள்ளைக் கடதாசியில் தொட்டுப் பாருங்கள். சிவப்பாக இருந்தால் நல்லது, கறுத்து எரிந்த மணம் வந்தால்தான் கியர்பொக்ஸைப் பற்றிக் கதைக்கலாம்.

உங்கள் நாலு கிலோமீற்றர் கிரவல் றோட்டைப் பற்றியும் சொல்லவேண்டும். அந்தச் செம்புழுதி எயார் பில்ற்றரை அடைக்கும். புத்தகத்தில் போட்டிருக்கும் கால இடைவெளி எங்களுக்குப் பொருந்தாது. இரண்டு கிழமைக்கு ஒருமுறை கழற்றி, உள்ளிருந்து வெளியே காற்றடித்துப் போடுங்கள். அதே றோட்டு லோவர் ஆம் புஷ், போல் ஜொயின்ற், றாக் எண்ட் என்று முன் சில்லுகளைப் பிடிக்கிற சாமான்கள் எல்லாவற்றையும் தின்னும். புஷ் தேய்ந்தால் சத்தம்தான் வரும், சமாளிக்கலாம். போல் ஜொயின்ற் கழன்றால் சில்லு மடிந்து விழும், அதை ஒரு நாளும் பிற்போடாதீர்கள். எஞ்சினின் சுழற்சியை முன் சில்லுக்குக் கொண்டுபோகிற சி.வி. ஜொயின்ற்றின் றப்பர் கிழிந்திருந்தால் உடனே மாற்றுங்கள். புழுதி உள்ளே போனபிறகு முழு ஜொயின்றையே மாற்றவேண்டி வரும்.

ரயரின் பக்கத்தில் நாலு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது கிழமையில் செய்தது. பூ நன்றாக இருந்தாலும் ஆறு வருடம் கடந்த ரயரில் அம்மாவை ஏற்றிக்கொண்டு மத்தியான வெயிலில் ஏ ஒன்பதில் போகவேண்டாம். பிறேக் ஒயிலை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றவேண்டும். அது காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும், ஈரம் சேர்ந்தால் சூட்டில் கொதித்து மிதி பஞ்சாகும். ஹெட்லைற் கண்ணாடி மஞ்சளாகி இருந்தால் தேய்த்துத் துலக்குங்கள். இரவில் மாடுகள் றோட்டில் படுத்திருக்கும் பாதை உங்களுடையது.

எஞ்சினுக்குள் வால்வுகளை நேரத்துக்குத் திறக்க வைக்கிற ரைமிங் பெல்ற் மாற்றிய பில் உங்களிடம் இல்லையென்றால் மாற்றவே இல்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு லட்சம் கிலோமீற்றர்தான் அதன் ஆயுள். மீற்றரில் உள்ள எண் இந்த வயதுக் காரில் எதற்கும் சாட்சி இல்லை.

செலவுக் கணக்கு கேட்டீர்கள். ரூபாயில் சொன்னால் அடுத்த மாதம் பிழைத்துவிடும், கிலோமீற்றரில் சொல்கிறேன். பாடசாலை 200 நாள், போக வர 30 கிலோமீற்றர் என்றால் 6,000. வவுனியாவுக்கு 12 தடவை, போக வர 200 என்றால் 2,400. கோயில், கலியாணம், செத்தவீடு சேர்த்து 10,000 என்று பிடியுங்கள். நல்ல நிலையில் இந்தக் கார் கலப்பு ஓட்டத்துக்கு லீற்றருக்குப் பதினொரு கிலோமீற்றராவது தரவேண்டும். அப்படியென்றால் ஏறத்தாழ 900 லீற்றர். அதை இன்றைய பெற்றோல் விலையால் பெருக்குங்கள். ராங்கை நிரப்பி, ஓடி, திரும்ப நிரப்பி உங்கள் காரின் உண்மைக் கணக்கை எடுங்கள். எட்டு ஒன்பதுக்குக் கீழே வந்தால் தெர்மோஸ்ராற், பிளக், ஒக்சிஜன் சென்சர், பிறேக் இறுக்கம் என்று பார்க்க இருக்கிறது.

அந்தப் பெற்றோல் காசில் பாதியை மாதா மாதம் திருத்தத்துக்கென்று தனியாகப் போடுங்கள். இது என் அனுபவ அளவு. அதற்குள்ளேயே 5,000 கிலோமீற்றருக்கு ஒரு ஒயில் மாற்றம், இரண்டு மூன்று வருடத்துக்கு ஒரு பற்றரி, ஐந்தாறு வருடத்துக்கு நாலு ரயர் எல்லாம் அடங்கவேண்டும். காப்புறுதி, புகைப் பரிசோதனை, வருமான அனுமதிப்பத்திரம் வேறு. முதல் வருடம் மட்டும் இந்த அளவுக்குள் நிற்காது. இலங்கையில் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தார்கள். அந்த ஐந்து வருடமும் பழைய கார்கள் விலை ஏறி ஏறிக் கைமாறின. வெளியே பெயின்ற் அடித்தார்கள், உள்ளே செய்யவேண்டிய வேலையை அடுத்தவர் தலையில் விட்டார்கள். நீங்கள் இப்போது கட்டுவது அந்தப் பழைய பாக்கியை. உங்களுக்கு ஏமாற்றமாக இருக்கும், தெரிகிறது. ஆனால் ஒழுங்காகச் செய்த வேலை திரும்ப வராது.

சாமான் வாங்கும்போது டைனமோ, ஸ்ராட்டர், லைற், கண்ணாடி எல்லாம் ஜப்பானில் பாவித்துக் கழற்றிய சாமானே நல்லது. போல் ஜொயின்ற், பிறேக் ஹோஸ், பெல்ற், ரயர் ஆகியவற்றைப் பாவித்ததாக ஒருபோதும் வாங்கவேண்டாம்.

இனி, எப்போது விற்கலாம்? காரைத் தூக்கி அடியைப் பாருங்கள். சொக் அப்சோபர் பிடிக்கிற இடத்திலோ அடித்தட்டின் ஓரங்களிலோ கறள் தின்று ஸ்குறூட்றைவர் உள்ளே போகிறதென்றால், வேறு எதிலும் காசு போடாமல் விற்றுவிடுங்கள், வாங்குபவரிடம் அதைச் சொல்லி. முல்லைத்தீவுக் கரையில் நின்ற கார்களுக்கு அது வரும். சீற் பெல்ற்றை முழுதாக இழுத்துப் பாருங்கள். அடிப்பகுதியில் காய்ந்த சேறு இருந்தால் அது வெள்ளத்தில் நின்ற கார். 2018 டிசம்பர் வெள்ளத்தில் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் நனைந்த வாகனங்கள் கொஞ்சமல்ல. அப்படியான காரின் வயரிங் வருடக்கணக்கில் கரைச்சல் தரும்.

பதிவுப் புத்தகத்தில் உள்ள எஞ்சின் இலக்கமும் சசி (அடிச்சட்டம்) இலக்கமும் காரில் உள்ளதோடு ஒத்துப்போகிறதா என்றும் இப்போதே பாருங்கள். யாராவது எஞ்சின் மாற்றித் தந்தால் புது இலக்கத்தை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதியவேண்டும். 'மாற்றிவிடுவோம்' என்று சொல்பவர்கள் அந்தச் செலவைச் சொல்வதில்லை. உங்கள் பெயருக்கு இன்னும் மாற்றாமல், விற்றவர் கையெழுத்து மட்டும் வைத்த திறந்த பத்திரத்தில் வைத்திருந்தால் அதை எல்லாவற்றுக்கும் முன் முடியுங்கள்.

மூடி, மட்டை, குமிழி, கொம்பிறெஷன் நாலும் பார்த்து முடியும்வரை அம்மாவைக் கிளிநொச்சியில் ரயிலேற்றி வவுனியாவுக்குக் கூட்டிப்போங்கள். பார்த்து முடிந்தபிறகு முதல் ஓட்டத்தைத் தனியாக, காலை வேளையில், முறிகண்டி வரைக்கும் வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளையாரடியில் எல்லோரையும் போல நிறுத்திக் கற்பூரம் கொளுத்தி, கச்சான் வாங்கிக்கொண்டு, பத்து நிமிடம் கழித்துக் காருக்குக் கீழே குனிந்து பாருங்கள். நிலம் காய்ந்திருந்து, முள்ளும் நடுவுக்குக் கீழே நின்றால் மாங்குளம் வரை போய்த் திரும்புங்கள். கொம்பிறெஷன் எண்கள் நாலையும் எனக்கு எழுதி அனுப்புங்கள். அதைப் பார்த்துத்தான் எஞ்சினைப் பற்றி மேற்கொண்டு சொல்வேன்.